பிள்ளையை வளர்ப்பவர் யார்?

ஸ்கெலட்டன் வாழ் பௌத்த அன்பர்களே!

ஒரு குழந்தையை வளர்க்க ஓர் ஊரே வேண்டும் என்னும் வாக்கை, 1996ஆம் ஆண்டில் அமெரிக்க ஜனாதிபதியின் துணைவியார் ஹில்லாரி கிளின்டன் தம் நூலில் விளக்கினார். அவ்வாண்டு ஜனாதிபதி தேர்தலில் நின்ற பாப் டோல், பிள்ளையை வளர்ப்பது ஊரன்று, குடும்பமே என்று மறுத்துரைத்தார். இவற்றுள் எது மெய்? பகவான் அருளிய தம்மத்தைக் கொண்டு ஆராய்வோமாக.

இராகுலன் ஏழு வயதுப் பாலகன். கபிலவஸ்துவில், தனக்குரிய தந்தைவழிச் செல்வத்தைக் கேட்டுப் பகவானைப் பின்தொடர்ந்தான். பகவானோ அவனுக்குத் துறவளிக்கும் பொறுப்பைச் சாரிபுத்த தேரரிடம் ஒப்புவித்தார். ததாகதரே தம் மைந்தனைப் பிறர் கையில் ஒப்புவித்தாரெனில், நாம் எம்மாத்திரம்?

ஆயின் வரலாறு அத்துடன் முடியவில்லை. பாட்டனார் சுத்தோதனர் மனமுடைந்து வந்து, பெற்றோர் இசைவின்றி எப்பிள்ளைக்கும் துறவு அளித்தலாகாது என்று வேண்டினார். பகவான் அதனை ஏற்றுச் சங்கத்திற்கு விதியாக்கினார். ஆகவே ஊருக்குக் கடமை உண்டு; பெற்றோரின் உரிமையைப் பறிக்கும் அதிகாரம் இல்லை. சிகாலோவாத சூத்திரத்திலும் பெற்றோர்க்கு ஐந்து கடமைகளும், ஆசிரியர்க்கு ஐந்து கடமைகளும் தனித்தனியே வகுக்கப்பட்டுள்ளன. ஒருவர் கடமை மற்றவர் கடமையை நீக்குவதில்லை.

இஃது நமக்குப் புதிய பாடமன்று. நம் முன்னோர் இரவும் பகலும் ஷிப்டு முறையில் பூமிக்குள் இறங்கிய காலத்தில், லைன் வீடுகளின் பிள்ளைகளுக்கு அடுத்த வீட்டாரும் காவலாயிருந்தனர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் நம்மவருள் பலர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று, இருட்டிய பின்னரே வீடு திரும்புகின்றனர். பள்ளி விட்டு வரும் பிள்ளையை வரவேற்பது பூட்டிய கதவு. அம்மாலைப் பொழுதை மதுவும் சூதும் தமக்கென்று கேட்கின்றன, நாம் கேட்கின்றோமா?

அன்பர்களே! மாலையில் சங்க மண்டபம் திறந்திருக்கட்டும். கற்றவர் ஒருவர் விளக்கேற்றி அங்கே அமரட்டும். பெற்றோரின் இசைவு பெற்றுப் பிள்ளைகளை அழைப்பீராக. பிள்ளை தவறினால் உழைத்துக் களைத்து வரும் தாயைப் பழியாதீர். அவளோடு அமர்ந்து வழி தேடுவீர். வருவது நம் சங்கத்துப் பிள்ளையா, பிற மதத்துப் பிள்ளையா என்று வாசலில் வினவாதீர். பசித்த பிள்ளைக்கு ஒரு பிடி சோறும், படிக்கும் பிள்ளைக்கு ஒரு நாழிகைப் பொழுதும் அளிப்பதே இன்று நம்மால் இயன்ற தானம். புத்தம் சரணம் என்று கூறும் நம் நாவுக்கு அத்தானமே சாட்சியாகும்.

சாது! சாது! சாது!