மரத்துக்குச் சட்டை

ஜூன் மாதம் வந்தால் ஆஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகளின் சில ஊர்களில் மரங்கள் கம்பளிச் சட்டை போட்டுக்கொள்கின்றன. பூங்கா பெஞ்சு, விளக்குக் கம்பம், படிக்கட்டின் கைப்பிடி எல்லாவற்றையும் வண்ண நூல் பின்னல் சுற்றிக்கொள்கிறது. 2005இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் மேக்டா சேயெக் என்ற பெண் தன் கடைக் கதவின் கைப்பிடிக்குப் பின்னிய உறையிலிருந்து பரவிய தெருக்கலை இது. பார்வையும் செவித்திறனும் ஒருசேர இழந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள் என்று ஊருக்குச் சொல்ல, டெஃப்பிளைண்ட் இன்டர்நேஷனல் என்ற உலக அமைப்பு இதைக் கையில் எடுத்திருக்கிறது. ஜூன் 27, இவர்களில் ஒருவராக வாழ்ந்த ஹெலன் கெல்லரின் பிறந்தநாள். 2025இல் ஐ.நா. பொதுச்சபை அதை இவர்களுக்கான சர்வதேச நாளாகவும் அறிவித்தது.

கலையின் தேர்வில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கண்ணும் காதும் உதவாதபோது உலகம் விரல் வழியாகத்தான் வந்து சேர்கிறது. உள்ளங்கையில் எழுத்தெழுத்தாகத் தொட்டுச் சொன்னால் அது பேச்சு. சைகை காட்டும் கைமேல் தன் கையை வைத்துப் பின்தொடர்ந்தால் அது உரையாடல். பின்னலும் விரலுக்குத் தெரிந்த வேலைதான். ஒரு கண்ணி விட்டுப்போனால் தடவிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

ஆனால் பின்னல் தெருவுக்கு வந்ததும் கண்ணுள்ளவர்களின் சொத்தாகிவிடுகிறது. தொடுவதற்காகச் செய்ததைத் தள்ளி நின்று படம் பிடிக்கிறோம். நிறம் நன்றாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். விழிப்புணர்வு ஏற்பட்டுவிட்டது என்று அறிக்கையும் எழுதிவிடுகிறோம். யாருக்கு ஏற்பட்டது, ஏற்பட்டு என்ன செய்தது என்பவை அறிக்கையில் இடம்பெறாத கேள்விகள்.

பார்வையும் செவித்திறனும் இழந்தவர்களின் உலகக் கூட்டமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கை, மக்கள்தொகையில் சுமார் 0.2 சதவீதம் பேருக்குக் கடுமையான அளவில் இந்த இரட்டை இழப்பு இருப்பதாக மதிப்பிட்டது. இந்தியாவில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இவர்களுக்கென்று தனிக் கட்டம் வைக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது, பல்வகைக் குறைபாடு என்ற தலைப்பின் கீழ். அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீதத்தில், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் முதலியவை உள்ளோரோடு சேர்ந்து 1 சதவீதத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. கைக்கு எவ்வளவு வரும் என்பது வேறு கணக்கு.

ஹெலன் கெல்லரைக் கொண்டாடும் நாம் மனவலிமையைப் பற்றியே பேசுகிறோம். 1887இல் ஆசிரியராக வந்த ஆன் சலிவன், 1936இல் இறக்கும்வரை அவரோடு இருந்தார். வகுப்பில் பேராசிரியர் சொன்னதை ஹெலனின் கையில் எழுதிக்கொண்டே இருந்தார். அந்தச் சாதனைக்குள் இன்னொருவரின் ஏறத்தாழ ஐம்பதாண்டு உழைப்பு இருக்கிறது. வலிமைக்குச் சிலை வைக்கலாம், செலவு ஒருமுறைதான். உடனிருப்பவருக்கோ மாதாமாதம் சம்பளம் கொடுக்க வேண்டும்.

இவர்களுக்கு இன்றும் வேண்டியது அதுதான். மருத்துவரிடமும் வங்கியிலும் வகுப்பிலும் பக்கத்தில் அமர்ந்து, நடப்பதைக் கைவழியே சொல்லப் பயிற்சி பெற்ற ஒருவர். அகமதாபாத்தில் 1997 முதல் இயங்கும் சென்ஸ் இன்டர்நேஷனல் இந்தியாவும், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசு நிறுவனமும் இத்துறையில் ஆட்களைப் பயிற்றுவிக்கின்றன. பயின்றவரின் சேவை ஒரு குடும்பத்தின் வசதியையோ ஒரு தொண்டு நிறுவனத்தின் நன்கொடையையோ நம்பியிருக்கும்வரை அது உரிமையாகாது.

ஒரு மரத்தைச் சுற்றப் பலர் கூடிப் பல மணிநேரம் பின்ன வேண்டும். அவ்வளவு நேரம் ஊரிடம் இருக்கிறது, கொடுக்க மனமும் இருக்கிறது என்பதைத்தான் இந்தப் பின்னல்கள் காட்டுகின்றன. அந்த நேரத்தில் ஒரு பங்கை, ஊதியத்தோடும் பயிற்சியோடும், மனிதருக்குக் கொடுப்பதாக எந்த அரசின் வரவுசெலவுத் திட்டம் எழுதுகிறதோ, அங்கேதான் விழிப்புணர்வு வந்துவிட்டது என்று சொல்லலாம்.