எஞ்சிய முக்காற்பங்கு

வகுப்பறையில் இயந்திரத்துக்கு இடமுண்டா என்னும் வினா இன்று எழுப்பப்படும் முறையிலேயே ஒரு குறை உண்டு. இயந்திரம் மாணவனிடமிருந்து எதனைப் பறிக்கின்றது என்று கேட்கின்றோமேயன்றி, அதன் வருகைக்கு முன்னர் அவனிடம் என்ன இருந்தது என்று கேட்பதில்லை. 2022 நவம்பர் இறுதியில் சற்ஜிபிரி பொதுமக்கள் பாவனைக்கு வந்ததன் பின்னர், ஒப்படைக் கட்டுரைகள் மீது ஆசிரியர்க்கிருந்த நம்பிக்கை தளர்ந்துவிட்டது. எழுதியவர் யாரென்ற ஐயத்துடனேயே ஒவ்வொரு தாளையும் புரட்ட நேர்கின்றது. ஆசிரியத் தொழில் துப்பறியுந் தொழிலாக மாறிவிடுமோ என அஞ்சுவோரும் உளர். அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும் குற்றவாளியைத் தேடுமுன் ஒரு பழைய கணக்கைப் பார்த்துக்கொள்ளுதல் தகும்.

13ஆம் நூற்றாண்டிலே நன்னூலை யாத்த பவணந்தியார், பாயிரப் பகுதியிலே அக்கணக்கைத் தந்துள்ளார். ஆசிரியன் உரைத்ததை மாணவன் நன்கு உட்கொண்டாலும் அவனுக்குக் கிட்டுவது புலமையின் காற்பங்கே. உடன்கற்போருடன் பயில்வதால் இன்னொரு காற்பங்கு வரும். பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிறைவுறும். மாணாக்கரை அன்னமென்றும் பசுவென்றும் ஆடென்றும் எருமையென்றும் வகுத்த பகுதியை எடுத்துக்காட்டாத தமிழாசிரியர் அரியர். அதே பாயிரத்தில் உள்ள இக்கணக்கை எடுத்துக்காட்டுவோரும் அரியரே. மாணவனை எருமையென்பதில் உள்ள வசதி இதில் இல்லை போலும்!

இக்கணக்கைக் கொண்டு எமது வகுப்பறைகளை நோக்குமிடத்து ஓர் அநீதி புலப்படும். எடுத்துரைப்பதால் வரும் அந்த அரைப்பங்கு யாரைச் சேர்கின்றது? ஆண்டுதோறும் அதே பாடத்தைக் கரும்பலகை முன் நின்று விளக்கும் ஆசிரியரையே சேர்கின்றது. முப்பது ஆண்டுகள் கற்பித்த ஒருவர் தம் துறையில் முதிர்ச்சியடைவது வியப்பன்று; வகுப்பில் மிகுதியாகக் கற்றவர் அவரே. எதிரே அமர்ந்திருப்போருக்கோ காற்பங்கும் குறிப்புக் கொப்பியுமே மிஞ்சுகின்றன. நூற்றுக்கணக்கானோர் நிறைந்திருக்கும் தனியார் கல்விக் கொட்டகையில் ஒலிவாங்கி ஒருவர் கையிலேயே இருக்கின்றது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது வகுப்பறையின் கதவு ஏழைப் பிள்ளைக்கும் திறந்தது. ஆனால் அங்கே பேசும் உரிமை பெரும்பாலும் ஆசிரியரிடமே தங்கிவிட்டது. பிறர் எழுதிய குறிப்பை மனனஞ்செய்து உயர்தரப் பரீட்சையில் ஒப்புவித்த விடையையும், இயந்திரம் எழுதித் தரும் கட்டுரையையும் அறவியல் நோக்கில் அருகருகே வைத்துப் பார்ப்போம். முன்னையதற்கு உழைப்பு வேண்டும், பின்னையதற்கு வேண்டா, வேறுபாடு இவ்வளவே. இரண்டிலும் மாணவன் தான் பொறுப்பேற்காத சொற்களைத் தன் சொற்களாக நீட்டுகின்றான். முன்னையதை நாம் நெடுங்காலம் கெட்டித்தனம் என்று மெச்சி வந்தோம்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் கைத்தொலைபேசிக்குள் நுழைந்தபோதும் இதுவே நிகழ்ந்தது. சமிக்ஞை தேடி மரத்திலும் பாறையிலும் ஏறிய பிள்ளைகள் அத்துணை இடர்ப்பட்டுப் பெற்றது, ஆசிரியர் குரல் என்னும் அக்காற்பங்கையே.

இயந்திரத்தை எதிர்ப்போர் பிளேற்றோவின் பைத்ரஸ் என்னும் உரையாடலைத் துணைக்கழைப்பதுண்டு. எழுத்து நினைவாற்றலைக் கெடுக்கும், ஞானத்தின் தோற்றத்தை மாத்திரமே தரும் என எகிப்திய மன்னன் ஒருவன் உரைத்த கதை அதில் வருகின்றது. எழுதப்பட்ட சொல்லிடம் எதைக் கேட்டாலும் அது சொன்னதையே திரும்பச் சொல்லும் என்பது சோக்கிரதீஸின் குறை. இன்றைய இயந்திரத்துக்கு இக்குறை பொருந்தாது. கேட்குந்தோறும் அது வேறு வேறு விளக்கம் தருகின்றது. அன்றியும், பாடசாலைக் கல்வியைத் தமிழில் முடித்துப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில நூல்களோடு மல்லுக்கட்டும் மாணவி ஒருத்தி, வகுப்பிலே கேட்க நாணிய வினாவை நள்ளிரவில் அதனிடம் பத்துமுறை கேட்கலாம். அவளை எவ்வாறு பழிப்பது? அவள் எம்மிடம் கேட்க நாணினாள் என்பதே எமது வகுப்பறை பற்றிய ஒரு தீர்ப்பாகும். எனவே கேட்டறிவதில் குற்றங் காண்பதற்கில்லை. குற்றம் எங்கே தொடங்குகின்றதெனில், தானே விளக்க இயலாத ஒன்றைத் தன் பெயரால் பிறர் முன் வைக்குமிடத்தில் எனலாம். இயந்திரத்தை நாடாதவர்க்கும் இவ்வளவுகோல் பொருந்தும். விரிவுரையாளரும் இதற்கு விலக்கல்லர்.

எமது கருத்தரங்கு வகுப்பொன்றில் ஒரு மாணவர் கான்றின் அறக்கோட்பாடு பற்றி மாசற்ற கட்டுரையொன்றை வாசித்தார். பொய்யுரைத்தல் எந்நிலையிலும் தவறு என்பதை அது அழகுற நிறுவியது. வாசித்து முடிந்ததும் பின்வாங்கிலிருந்து ஒரு மாணவி, 2022இல் பொருளாதார நெருக்கடி உச்சத்திலிருந்த மாதங்களில் தான் உண்டுவிட்டதாகச் சொல்லித் தன் பங்கையும் பிள்ளைக்கு வைத்த தாய் குற்றஞ்செய்தவளா என்று கேட்டார். அவர் பேசாதிருந்தார். கட்டுரை எவ்வாறு உருவானதென எவரும் வினவவில்லை. அடுத்த கிழமை முதலாம் வருடத்தினர்க்கு இதனை விளக்குமாறு மாத்திரம் கேட்டுக்கொண்டோம். அவர் வந்தார். வசனங்கள் முறிந்தன, இரண்டிடங்களில் கான்றையே பிழையாக விளங்கியிருந்தார். முடிவில், “கான்ற் அந்தத் தாயைக் குற்றவாளி என்பார். நான் சொல்லமாட்டேன். ஏன் சொல்லமாட்டேன் என்பதற்கு எனக்கு இன்னும் நியாயம் கிடைக்கவில்லை” என்றார். முதலாம் வருடத்தினர் கலைந்து செல்ல மறுத்து முக்கால் மணித்தியாலம் வாதிட்டனர்.

எமது புள்ளித் திட்டத்தின்படி முதற் கட்டுரைக்கு உயர் புள்ளி வழங்கவேண்டும். இரண்டாவதற்கு வழங்க நிரலே இல்லை. இதனை மாற்றுவது இலகுவன்று. 120 பேர் கொண்ட வகுப்பில் ஆளுக்குப் பத்து நிமிடமெனக் கொண்டாலும் 20 மணித்தியாலம் வேண்டும். அந்நேரம் விரிவுரைகளிலிருந்தே எடுக்கப்படவேண்டும். அச்சிலோ இயந்திரத்திலோ கிடைக்கக்கூடிய பாகங்களை அங்கேயே விட்டுவிட்டு, அந்த மணித்தியாலங்களை மாணவர்க்குக் கையளித்து, விரிவுரையாளர் பின்வாங்கில் சென்று அமர்வதற்குப் பீடங்கள் இணங்குமா என்பதே இப்போது தீர்க்கப்படவேண்டிய வினா.