நோயை மறைப்பது நன்மையா?

நம்மவர் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. அத்தாவுக்குப் புற்றுநோய் என்று டாக்டர் சொல்லிவிட்டால், மக்கள் கூடிப் பேசி அதை அவரிடம் மறைத்து விடுவர். "உடம்பில் சூடு" என்று சொல்லி வைப்பர். அன்பினால் செய்வதே எனினும், இது நீதிதானா என்று நாம் சிந்தித்தல் வேண்டும்.

சிறுநீரகப் புற்றையே எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் அது பெரும்பாலும் வலி தருவதில்லை. வேறெதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தெரிய வரும். அல்லது வலியின்றிச் சிறுநீரில் இரத்தம் காணும். புகைப்பழக்கமும், உடற்பருமனும், இரத்தக் கொதிப்பும் அதற்கு இடந்தருவன.

கட்டி சிறுநீரகத்தைத் தாண்டாதிருப்பின் அறுவை சிகிச்சையே தலையாயது. சிறியதானால் கட்டியை மட்டும் அகற்றுவர். சிலருக்குக் கண்காணித்து வந்தாலே போதும். பெரியதானால் ஒரு சிறுநீரகத்தையே எடுப்பர். எஞ்சிய ஒன்று நலமாயிருந்தால் அதைக்கொண்டே வாழலாம். அமெரிக்கக் கணக்கின்படி, இந்நிலையில் கண்டறியப்பட்டோரில் ஐந்தாண்டு கடந்து வாழ்வோர் 100க்கு 90க்கும் மேல். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிவிட்டால் அது 20க்கும் கீழே இறங்குகிறது. அப்போதும் வழி அடைபடவில்லை. 2005 முதல் வந்துள்ள புதிய மருந்துகளால் பலர் கூடுதல் காலம் வாழ்கின்றனர்.

கத்தியா, மருந்தா, காத்திருப்பா? தன் உடலைப் பற்றிய இம்முடிவை, நோயின் பெயரே அறியாதவர் எங்ஙனம் எடுப்பார்?

நாம் வணிகர். கடை நட்டப்படுவதை முதலாளியிடம் மறைக்கும் கணக்கப்பிள்ளையை, அவன் எவ்வளவு அன்புடையவனாயினும், நாம் பாராட்டுவோமா? உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதன் கணக்கை அறியும் முதலுரிமை அதைச் சுமப்பவருக்கே. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பது பற்றியது என்பதை நாம் அறிவோம். கடனைத் தீர்க்கவும், வஸிய்யத் எழுதவும், மனம் நோகச் செய்தவரிடம் மன்னிப்புக் கேட்கவும் அவகாசம் வேண்டாமா? பொய்யான ஆறுதல் அந்த அவகாசத்தைப் பறித்துக்கொள்கிறது.

"கேட்டால் மனம் உடைந்து போவாரே" என்பர் சிலர். நியாயமான அச்சமே. ஆகையால், "எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" என்று அவரையே கேட்டு, அவர் விரும்புமளவு இதமாகச் சொல்வோம். வேண்டாமென்றால் அதுவும் அவர் உரிமையே.

ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. தன் ஒட்டகம் அவிழ்ந்திருப்பதையே அறியாதவர் எதைக் கட்டுவார்? உண்மையை அன்போடு சொல்லும் துணிவை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.