இலைக்குள் ஓர் உயிர்



புழுவுக்கு இரண்டறிவு, எறும்புக்கு மூன்றறிவு, வண்டுக்கு நான்கறிவு என உயிர்களைப் பகுத்துக் காட்டியது நம் ஆகமம். கை நீட்டுமுன் கண் திறக்கவேண்டும் என்பதே அப்பகுப்பின் பயன். பின்கட்டில் நிற்கும் எலுமிச்சையே இதற்குச் சான்று.

அதன் இலைகளில் வெள்ளிக் கம்பிபோல் வளைந்து நெளிந்து செல்லும் கோடுகளைக் கண்டிருப்பீர். நோயென்று கருதுவாரும் உளர். அஃது ஓர் உயிர் சென்ற வழியாகும். உழவர் இதனை இலைத் துளைப்பான் என்பர். 1856ஆம் ஆண்டில் ஸ்டெயின்டன் என்னும் ஆங்கில அறிஞர், கல்கத்தாவில் கிடைத்த அந்துப்பூச்சியைக் கொண்டு, பில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா எனப் பெயரிட்டார். சிறகு விரித்தால் 4 மில்லிமீட்டர் அளவே இருக்கும். வெண்சிறகின் நுனியில் ஒரு கரும்புள்ளி. தாய்ப்பூச்சி தளிரில் முட்டையிடும். அதனின்று வெளிப்படும் காலற்ற புழு, இலையின் மெல்லிய தோலுக்கடியிற் புகுந்து, சாற்றை உண்டவாறே வழி குடையும். இறுதிப் பருவத்தில் உணவை விட்டு, இலையோரத்தை இழையால் மடித்துக் கூட்டுப்புழுவாகும். பின் சிறகு பெற்று வெளியேறும்.

இல்லத்தாரோ கோடு கண்டவுடன் நஞ்சு தெளிக்கின்றனர். முற்றிய இலையில் காணும் கோடு பெரும்பாலும் குடியிருந்த உயிர் நீங்கிய வெற்றில்லம். அங்குத் தெளிப்பதால் மரத்திற்குப் பயனில்லை. அப்புழுவின் பெருக்கத்தை இயல்பாகவே தடுக்கும் நுண்குளவிகளும், பூ நாடி வந்த தேனீக்களுமே மடிகின்றன. அவ்விலையைக் கிள்ளவும் வேண்டா. சுருண்டாலும் அது மரத்திற்கு உணவு ஆக்கியே வருகிறது.

வளர்ந்த மரம் இவ்வூற்றைத் தாங்கும். இளங்கன்று நலியும் என்பதும், புண்பட்ட இலையில் சொறிநோய் பற்றும் என்பதும் மெய்யே. அதற்கும் கொலையில்லா வழியுண்டு. மிகுதியாக உரமிட்டு ஓயாது தளிர்க்கச் செய்யாதிருந்தால், முட்டையிடும் இடமே குறையும்.

உழவால் வாழும் இல்லறத்தார்க்குத் தொழில்வழி வரும் ஊறு முற்றும் நீங்காது என்பதை நம் அறநூல்கள் ஒப்புகின்றன. ஆயின், தவிர்க்கக்கூடிய கொலையைத் தவிராது விடுதல் அயர்வின்பாற் படும். அயர்வு என்னும் அவ்வாயில் வழியே வினை வந்து ஊறுகிறது. நெஞ்சில் இரக்கம் இருந்தும், அறியாமையால் கை கொலை செய்துவிடுகிறது. ஆதலின் நன்ஞானம் இன்றி நல்லொழுக்கம் நிரம்பாது.

இனி எலுமிச்சையில் வெள்ளிக்கோடு கண்டால், மருந்தை எடுக்குமுன் இலையைத் திருப்பிப் பாருங்கள். குழந்தைகளையும் அழைத்துக் காட்டுங்கள். கொல்லாமை அவர்களுக்கு அவ்விடத்தே விளங்கும்.

அறம் ஓங்குக!