விருந்தும் அயலும்

ஊர்விட்டு ஊர் சென்று ஆடிப்பாடும் கலைஞர், தாம் செல்லும் ஊரில் எவர் வீட்டில் தங்குவர்? மேலோட்டமாக நோக்குவோருக்கு இது நிகழ்ச்சி ஏற்பாட்டாளரின் கவலையாகவே தோன்றும். ஆயின், அயலான் ஒருவனுக்கு வீட்டின் உட்கதவைத் திறந்துவிடும் செயல் அறத்தின்பாற்பட்டது. அக்கதவு எவருக்குத் திறக்கிறது, எவருக்குத் திறக்க மறுக்கிறது என்பதைக் கொண்டே ஒரு சமூகத்தின் அறத்தை அளவிடலாம். இவ்விடத்து ஆராயப்படுவது அவ்வளவையேயாம்.

இக்கால எடுத்துக்காட்டொன்று முதலில் நோக்கற்பாலது. 1965ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் தோன்றிய 'அப் வித் பீப்பிள்' என்னும் அமைப்பு, பல நாட்டு இளைஞர்களை ஒரே குழுவாகச் சேர்த்து நாடு நாடாக இசை நிகழ்ச்சிகளை நடத்திவந்தது. அக்குழுவினர் விடுதிகளில் தங்குவதில்லை. நிகழ்ச்சி நடைபெறும் ஊரில் உள்ள குடும்பங்கள் அவர்களை இருவர் மூவராகப் பகிர்ந்து தம் இல்லங்களில் தங்கவைத்தன. இளைஞர் குழுவிற் சேர்வதற்குக் கட்டணம் செலுத்தினர்; வீட்டாரோ கூலி எதுவும் பெறவில்லை. இவ்வாறு பயணஞ் செய்தோர் தொகை காலப்போக்கில் 20,000ஐக் கடந்தது. மேடையிற் பாடிய பாடல்களைக் காட்டிலும், முன்பின் அறியாத ஒருவர் வீட்டு அடுக்களையில் அமர்ந்து உண்ட காலையுணவே தம் நினைவில் நிலைத்தது என்பது இத்தகைய பயணிகள் பலரின் அனுபவமாகும்.

அத்தகைய குழுவொன்று புல்மோட்டைக்கு வருவதாகக் கொள்ளலாம். திருகோணமலை நகரிலிருந்து வடக்கே ஐம்பது கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவில், கொக்கிளாய்க் களப்பிற்கு அண்மையில், கடலை நோக்கி அமைந்த ஊர் அது. மக்களுட் பெரும்பாலார் முஸ்லிம்கள். கடற்றொழிலும், 1957இல் நிறுவப்பட்ட கனிய மணற் கூட்டுத்தாபனத்தின் வழிவந்த மணற்றொழிலும் அவ்வூரின் முதன்மையான வாழ்வாதாரங்களுட் சில. அக்கடற்கரையின் கருமணலிலிருந்து பிரித்தெடுக்கப்படும் இல்மனைற்று கப்பலேறித் தூர நாடுகளுக்குச் செல்கிறது. மணல் சென்ற வழியே மனிதர் வந்து சேர்வதில் வியப்பில்லை.

வந்த இளைஞன் ஒருவன் மீனவர் வீட்டிலே தங்குகிறான். வீட்டில் இருக்கும் ஒரேயொரு கட்டிலை அவனுக்கு ஈந்துவிட்டு வீட்டுக்காரர் முன்விறாந்தையிற் பாய் விரித்துக்கொள்கிறார். பெண்கள் இருக்கும் பகுதிக்கும் அவன் இருக்கும் பகுதிக்கும் இடையே திரை தொங்குகிறது. விடியற்காலை பாங்கொலி அவனை எழுப்புகிறது. இரண்டாம் நாள் அவன் வீட்டுப் பிள்ளைகளைப் பின்பற்றி 'வாப்பா', 'உம்மா' என அழைக்கப் பழகிவிடுகிறான். மூன்றாம் நாள் குழு புறப்படுகிறது. இரு தரப்பாரும் கண் கலங்குகின்றனர். இக்காட்சி கற்பனையே. எனினும், விருந்தோம்பலை அறிந்த எவரும் இதனை இயல்பற்றதென்று கூறார். இங்கே நிகழ்ந்தது யாது? அவன் பெற்றது கடனா, கொடையா, உரிமையா?

கடன் என்போர் உளர். பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் கொடை பற்றி 1925இல் வெளியிட்ட கட்டுரையில், இலவசமெனத் தோன்றும் கொடையின் பின்னால் கொடுத்தல், ஏற்றல், திருப்பிக்கொடுத்தல் என்னும் மூன்று கடப்பாடுகள் மறைந்துள்ளன எனக் காட்டினார். இதன்படி கலைஞன் பாட்டைத் தருகிறான், ஊர் சோற்றைத் தருகிறது, கணக்குத் தீர்ந்துவிடுகிறது. உரிமை என்பதற்கு அருகில் வருபவர் ஜெர்மானிய மெய்யியலாளர் கான்ற். நிலைத்த அமைதி பற்றி 1795இல் அவர் வெளியிட்ட நூலில், பிறர் நாட்டுக்கு வரும் அந்நியன் அமைதியாக நடந்துகொள்ளும் வரை பகைவனாக நடத்தப்படாதிருக்க உரிமையுடையவன் என்றார். ஆயினும், வீட்டிலே விருந்தினனாகத் தங்கும் உரிமையை அவர் அவனுக்கு வழங்கவில்லை. அதற்குத் தனியான உடன்பாடு வேண்டும் என்றார். வருகையாளராக வந்தோர் வென்றடக்குவோராக மாறிய ஐரோப்பிய வரலாற்றை அவர் கண்டித்தமையும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகிய அனைவரையும் கண்ட திருகோணமலைத் துறைமுகத்திற்கு இக்கண்டனத்தின் பொருள் நன்கு விளங்கும்.

இவ்விரு விளக்கங்களும் உண்மையின் ஒரு பகுதியைத் தொடுகின்றன. ஆயினும், கட்டிலை ஈந்து பாயிற் படுத்த மனிதரை இவை முழுமையாக விளக்கவில்லை. அவர் நிகழ்ச்சிக்கே செல்லாதவராகவும் இருக்கலாம். அவருக்குப் பாட்டு எவ்வாறு விலையாகும்? உடன்பாடு எதிலும் அவர் ஒப்பமிட்டதுமில்லை.

இவ்விடத்துத் தமிழ் மரபின் சான்று துணைபுரிகின்றது. பயணக் கலைஞரையும் அவர்க்கு இடமளித்த இல்லங்களையும் பற்றித் தனியொரு இலக்கிய வகையையே கண்ட மரபு இது. ஆற்றுப்படை நூல்களில் பாணர், பொருநர், கூத்தர், விறலியர் ஆகியோர் சுற்றத்தோடு வழிநடக்கின்றனர். பெரும்பாணாற்றுப்படை தொண்டைமான் இளந்திரையனைப் பாட எழுந்த நூல். ஆயினும், அரசனது அரண்மனையை அடையுமுன் பாணன் கடக்கும் குடியிருப்புகள் பல. எயினர், ஆயர், உழவர், வலைஞர், அந்தணர் என ஒவ்வொருவரும் தத்தம் நிலத்து உணவை அவனுக்கு அளிப்பர் என அந்நூல் விரித்துரைக்கிறது. அரசன் பெயர் நூலில் நிலைபெற்றது. வழியிற் சோறிட்டோர் எவரது பெயரும் அதில் இல்லை. புகழ் கிட்டாது என்பதற்காக அவர்கள் அடுப்பை அணைத்துவிடவில்லை.

அன்றியும், அவ்வகை இலக்கியத்தின் அமைப்பே கைம்மாறு பற்றிய ஒரு கொள்கையை உள்ளடக்கியது. பெற்றவன் பெற்ற இடத்திற்கே திருப்பிக் கொடுப்பதில்லை. வழியில் எதிர்ப்படும் வறிய கலைஞனொருவனுக்கு வழி காட்டுகிறான். கடன் பின்னோக்கிச் செல்லாது முன்னோக்கிச் செல்கிறது. புல்மோட்டை மீனவர் வீட்டில் மூன்று நாள் உண்டவன் அவருக்குப் பணம் அனுப்புவானாயின் அது நன்றியாகலாம். தன் ஊரில் அந்நியன் ஒருவனுக்குக் கதவைத் திறப்பானாயின் அதுவே ஆற்றுப்படையாகும்.

இதற்கு மறுப்புரையும் உண்டு. மூன்று நாள் உறவு மெய்யானதாகுமா? அந்நாள்களில் வீட்டாரும் நடிகரே. புதிய விரிப்பு விரிக்கப்படுகிறது, கணவன் மனைவி பிணக்கு அடக்கப்படுகிறது, பிள்ளைகள் அதட்டப்படுவதில்லை. விருந்தினனும் எதனையும் சுவையாகவே உண்கிறான். மேடையிலே ஒரு நிகழ்ச்சி, வீட்டிலே மற்றொரு நிகழ்ச்சி என்பர். இம்மறுப்பு எளிதிற் புறந்தள்ளத்தக்கதன்று. எனினும், மூன்று நாளைக்கு இனிமையாக இருக்க முடிந்த வீடு தனக்கு அது இயலும் என்பதை அறிந்துகொள்கிறது. முயன்று காட்டிய பண்பு போலிப் பண்பாகிவிடாது. பண்பு பலவும் முயற்சியாகவே தொடங்குகின்றன. உண்மையான ஐயம் வேறிடத்தில் உள்ளது. தூரத்து விருந்தினனுக்காக முயன்ற வீடு, அண்மையில் இருப்பவனுக்காகவும் அவ்வாறு முயலுமா என்பதே அது.

தமிழ்ச் சமூகத்தின் குற்றவுணர்வு விழித்தெழ வேண்டிய இடமும் இதுவே. பாணரைப் போற்றிய மரபே பின்னர் அவர்களைத் தீண்டத்தகாதோராக ஒதுக்கிற்று. பறையொலியின்றிச் சடங்கு நிறைவுறாது எனக் கருதிய வீடுகள், பறை முழக்கியோரை வாயிலோடு நிறுத்தின. கலை உள்ளே சென்றது. கலைஞன் வெளியே நின்றான்.

பெரியபுராணத்தில் வரும் திருநீலநக்க நாயனார் வரலாறு இதனோடு ஒப்பிட்டு நோக்கற்பாலது. திருஞானசம்பந்தர் தம் அடியார் கூட்டத்தோடு சாத்தமங்கைக்கு வருகிறார். அவரோடு யாழிசைத்துப் பயணஞ் செய்யும் திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர்தம் மனைவியாரும் உடன் வருகின்றனர். வேதியராகிய நீலநக்கர் அனைவரையும் வரவேற்கிறார். இரவு தங்குவதற்குப் பாணருக்கு இடமளிக்குமாறு சம்பந்தர் கூற, நீலநக்கர் தம் மனையின் நடுவே, வேள்வித்தீ வளர்க்கும் வேதிகையின் அருகிலேயே அவர்களுக்கு இடமளிக்கிறார். அத்தீ அணையவில்லை, முன்னினும் சிறப்பாக வலஞ்சுழித்து எழுந்தது என்கிறது காப்பியம்.

இக்கதையைச் சமய அற்புதமாகப் படிப்போர் படிக்கலாம். அறவியல் நோக்கிற் படிப்போரை இரண்டு செய்திகள் தடுத்து நிறுத்தும். விருந்தோம்பலுக்குப் பெயர்பெற்ற அவ்வில்லத்தில்கூடப் பாணருக்கு இடம் கிடைக்க மதிப்புக்குரிய வேறொருவர் வாய்திறக்க வேண்டியிருந்தது என்பது ஒன்று. சம்பந்தர் அன்று உடன் வாராதிருந்தால் பாணர் எங்கே உறங்கியிருப்பார்? மற்றையது, அவ்வாறு கேட்கப்பட்டபோது நீலநக்கர் திண்ணையைக் காட்டவில்லை. வீட்டின் நடுவிடத்தையே காட்டினார் என்பது. விருந்து எவ்வளவு தொலைவிலிருந்து வந்தது என்பதன்று, வீட்டின் எவ்விடம் வரை அழைக்கப்பட்டது என்பதே அளவை.

அவ்வளவையை மீண்டும் புல்மோட்டைச் சூழலிற் பொருத்தி நோக்கினால் வினாவின் கடுமை புலனாகும். அப்பகுதியில் முஸ்லிம், தமிழ், சிங்கள ஊர்கள் ஒன்றையொன்று அடுத்து அமைந்துள்ளன. ஆண்டுதோறும் மேல்கரைச் சிங்கள மீனவர் பருவம் பார்த்து இக்கரைக்கு வந்து வாடி அமைத்துத் தொழில் செய்யும் வழக்கம் நீண்டகாலமாக உண்டு. கரையும் களப்பும் எவர்க்குரியன என்னும் பிணக்கும் அதனுடன் தொடர்கிறது. அயலூராகிய தென்னமரவடியின் தமிழ் மக்கள் 1984இல் ஊரிழந்து ஓடினர். போர் முடிந்த பின்னரே மீளத் தொடங்கினர். 2009ஆம் ஆண்டு மார்ச்சில் வன்னியிலிருந்து காயமுற்றோர் கடல்வழியாகப் புல்மோட்டைக்குக் கொண்டுவரப்பட்டனர். இந்திய மருத்துவக் குழுவொன்று அங்கே கள மருத்துவமனை அமைத்துச் சிகிச்சையளித்தது. அவ்வாறு வந்தோரிடம் பாட்டும் இல்லை, பரிசும் இல்லை. கொடுக்கல்வாங்கற் கணக்கு முற்றாகப் பொய்த்துப்போகும் இடம் அது. ஏதும் தர இயலாதவனும் விருந்தினனே என்பதை ஏற்காத விருந்தோம்பல் வாணிகமாக முடியும்.

இருபது நாடுகளிலிருந்து வந்த கலைஞருக்குக் கட்டிலை ஈவது அரிதன்று. அவர்கள் நிலத்தைக் கேட்பதில்லை. வலை வீச வருவதில்லை. பழைய வழக்குகளை நினைவூட்டுவதில்லை. மூன்றாம் நாள் சென்றுவிடுகின்றனர். அயலூரானோ செல்வதில்லை. தூரத்து விருந்தினன் சோற்றையும் பாயையும் கேட்கிறான்; அண்மையில் இருப்பவன் நீதியையும் கேட்கிறான். முன்னதைத் தந்து பின்னதை மறுப்போர், விருந்தோம்பலைத் தம் மனச்சான்றை உறங்கவைக்கும் தாலாட்டாக்கிக்கொள்கின்றனர். இது புல்மோட்டைக்கு மட்டும் உரியதன்று. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் தஞ்சைக்கும் பொருந்தும். வெளிநாட்டு நடனக் கலைஞரை மேசையில் இருத்தி உபசரிக்கும் வீடு, அடுத்த தெருக் கூத்துக் கலைஞனுக்கு எந்தக் குவளையில் நீர் தருகிறது என்று தன்னையே கேட்டுக்கொள்ளலாம்.

அவ்வாறாயின் பல நாட்டுக் கலைக்குழுக்களால் பயனில்லையோ எனின், அன்று. 'விருந்து' என்னும் சொல்லே இதற்கு விடை கூறும். அதன் அடிப்படைப் பொருள் புதுமை. தொல்காப்பியச் செய்யுளியல் புதிதாக யாக்கப்படும் செய்யுளையும் விருந்து என்றே குறிக்கின்றது. வீட்டுக்கு வருபவன் புதியவன் ஆதலின் விருந்தினன் ஆயினான். அந்நியன் ஒருவன் வீட்டில் தங்கும்போது வீட்டார் தம் வாழ்வையே புதிதாகக் காண்கின்றனர். அன்றாட மீன்குழம்பை அவன் வியந்துண்ணும்போது அது அவர்களுக்கும் புதிதாகிறது. இக்கண் ஒருமுறை திறந்துவிட்டால், அதனை அயலான் பக்கம் திருப்புவதும் இயலும். அவனைப் பழைய வழக்கின் எதிராளியாகக் காணாது, முதன்முறை சந்திக்கும் மனிதனாகக் காணும் பயிற்சி அது.

இது வெறுங் கனவன்று என்பதற்கு இந்நாட்டின் அரங்க வரலாறே சான்று. 1960களிற் பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் சு. வித்தியானந்தன், கிராமத்து அண்ணாவிமாரின் கூத்தை மாணவர் மேடைக்குக் கொண்டுவந்தபோது, நாட்டார் வழக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது கற்றோருக்குப் புதிதாயிற்று. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிற் பராக்கிரம நிரியெல்லவும் எச். ஏ. பெரேராவும் தொடங்கிய மக்கள் களரியிற் சிங்கள இளைஞரும் தமிழ் இளைஞரும் ஒரே குழுவாக வாழ்ந்து, ஒருவர் மொழியை மற்றவர் கற்று, இரு மொழி நாடகங்களையும் நடமாடும் அரங்கில் ஊர் ஊராகக் கொண்டுசென்றனர். அவர்கள் கடல் கடந்து வந்தவர்களல்லர். ஒரே தீவின் அயலவர். அவர்கட்கிடையே நிகழ்ந்த விருந்தோம்பல், தூரத்திலிருந்து வருவோருக்குச் செய்யும் விருந்தோம்பலினும் கடினமானது. ஆதலாற் பெறுமதி மிக்கது.

எனவே, பயணக் கலைஞனுக்கு வீடு திறப்பது அறத்தின் தொடக்கமேயன்றி முடிவன்று. குழு சென்ற மறுநாட் காலையில், விரிப்பு மடித்துவைக்கப்பட்டு, கட்டில் பழைய இடத்துக்கு மீண்ட பின்னரே வீட்டாரின் உண்மையான சோதனை தொடங்குகிறது. அன்று வாயிலில் வந்து நிற்பவன் அயலூரவனாயிருப்பான். அவனிடம் பாடலும் இராது. அவன் பெயர் வீட்டாருக்கு முன்னரே தெரிந்திருக்கும். அவனைப் பற்றிய கதைகளும் தெரிந்திருக்கும். அவனையும் புதியவனாக ஏற்று வீட்டின் நடுவிடத்திற்கு அழைப்பதே விருந்து என்னும் சொல்லுக்கு முழுப்பொருள் தருவதாகும்.