மிஞ்சிய உதிரிகளும் கள்ளாமையும்

தமக்குப் பயன்படாத பொருளை விற்பது அறமா என்று எவரும் ஐயுறுவதில்லை. அது பயன்படாமற் போன காரணத்தைச் சொல்லாமல் விற்கலாமா என்பதே வினா.

வேகத்துக்காகக் காரை மாற்றியமைக்கும் ஆர்வம் கொங்கு நாட்டுக்குப் புதிதன்று. 1995-இல் மறைந்த கரிவர்தன், மாருதி 800 எஞ்சினைக் கொண்டே கோவையில் பந்தயக் கார்களை உருவாக்கினார். செட்டிப்பாளையத்தில் அவர் பெயரால் அமைந்த பந்தயத்தடத்தில் ஓட்டிவிட்டு, ஜலகண்டாபுரத்து இளைஞர் ஒருவர் தம் காருக்குப் புதிய பிரேக்கும் சக்கரங்களும் சைலன்சரும் பொருத்துவதாகக் கொள்வோம். பழையவை மிஞ்சுகின்றன. அவற்றை விற்கச் சென்னைப் புதுப்பேட்டைக்குச் செல்ல வேண்டுவதில்லை. அதே வகைக் கார் வைத்திருக்கும் விசைத்தறிக்காரர் உள்ளூரிலேயே இருப்பார்.

சக்கரத்தைக் கண்ணால் பார்த்து வாங்கலாம். பிரேக் தட்டு அவ்வாறன்று. பந்தய ஓட்டத்தில் கடுஞ்சூடேறிய தட்டில் மயிரிழை வெடிப்புகள் தோன்றக்கூடும்; தேய்ந்து கனம் குறைந்தும் இருக்கும். துருவை நீக்கித் துடைத்து வைத்தால் நல்ல தட்டாகவே தோன்றும். அதன் வரலாறு விற்பவர் ஒருவருக்கே தெரியும். அதை நம்பி மிதிப்பவரோ மற்றொருவர்.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கள்ளாமை அணுவிரதத்தின் ஐந்து மாசுகளுள் போலியை மெய்ப்பொருளாக விற்பதையும் வைக்கிறது. அது நெய்யில் கலப்படம் செய்வார்க்கே உரியது என்று கருதுவோர் உளர். நான் உடன்படேன். ஆயுள் முடிந்த தட்டு ஆயுளுள்ள தட்டின் உருவில் விலைபோகுமாயின் அதுவும் போலியே அன்றோ? “குறைந்த விலைக்குத்தானே கொடுத்தேன்” என்பது கடைவீதியில் நாள்தோறும் கேட்கும் சமாதானம். விலையைக் குறைத்தவர் குறையைச் சொன்னவராகிவிடார். இன்ன தட்டு, இத்தனை கிலோமீட்டர், பந்தயத்தில் ஓடியது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் பாதி விலைதான் கிட்டும்; சிலபோது பழைய இரும்பு விலையே கிட்டும்.

அரச ஒழுங்கை மீறுதலும் அவ்வைந்தில் ஒன்று. உற்பத்தியாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை ஆராய்ந்து 2019 சனவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய சைலன்சரோடு கழற்றப்பட்ட கேட்டலிடிக் கன்வெர்ட்டரை இங்கே எண்ண வேண்டும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் அதில் இருப்பதால் மிஞ்சியவற்றுள் அதற்கே நல்ல விலை. அதன் வரலாற்றை ஒளியாமல் உரைத்து விற்றாலும் கணக்குத் தீராது. புகையின் நச்சை அது தணித்து வந்தது வாங்குபவருக்காகவும் அன்று, விற்பவருக்காகவும் அன்று. அக்காரின் பின்னே சைக்கிளில் வருபவருக்காக. அவரைக் கேட்டு எவரும் அதைக் கழற்றவில்லை. அது போக வேண்டிய இடம் சந்தை அன்று, கழற்றிய காரே.