குப்பைக்கும் ஒரு சேரி

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் பெங்களூர்த் தெருக்களில் திருஷ்டிப் பூசணிக்காயை மிதிக்காமல் நடப்பது கஷ்டம். குங்குமம் கலந்த சதை தார்ச்சாலையில் ஒட்டிக் கிடக்கும். பக்கத்தில் வாடிய வாழைக்கன்று, நசுங்கிய எலுமிச்சம்பழம், சாமந்தி. செய்யும் தொழிலே தெய்வம் என்று காருக்கும் கணினிக்கும் பொட்டு வைத்தவர்கள் வீட்டுக்குள் போய்விட்டார்கள். தெருவில் கிடப்பதைச் சுரண்டி அள்ளுகிறவர் பௌரகார்மிகர் என்று கன்னடத்தில் சொல்லப்படும் துப்புரவுத் தொழிலாளி. பெரும்பாலும் தலித் பெண். அவர் கையிலிருக்கும் துடைப்பமும் கருவிதான். அதற்குப் பொட்டு வேண்டாம். அந்தக் கைக்கு உறை கொடுத்தோமா?

பூசணிக்காய் உடைத்தால் திருஷ்டி கழியும் என்பது மூடநம்பிக்கை. வாசலைத் தாண்டிய குப்பை ஒழிந்துபோனது என்று எண்ணுவது அதைவிடப் பெரிய மூடநம்பிக்கை. சாமி கும்பிடாதவர்களும் இந்த இரண்டாவதை விடவில்லை. பெங்களூரின் குப்பை மாவள்ளிபுரா என்ற கிராமத்தில் போய்க் குவிந்தது. நிலத்தடி நீர் கெட்டது. மக்கள் போராடியதால் 2012இல் அந்தக் கிடங்கு மூடப்பட்டது. நகரத் தெருக்களில் குப்பை நாறத் தொடங்கிய பிறகுதான் பலருக்கு அப்படி ஒரு கிராமம் இருப்பதே தெரிந்தது. அடுத்து மண்டூர். 2014இல் அந்த ஊராரும் எதிர்த்து நின்றார்கள். குப்பை கல் குவாரிகளுக்கு நகர்ந்தது. மனிதர்களையே ஊருக்கு வெளியே ஒதுக்கிப் பழகிய சமூகத்துக்கு, குப்பையை இன்னொரு ஊரின் தலையில் கொட்டக் கூச்சம் வரவில்லை. தீட்டு என் வாசலுக்கு அப்பால் இருந்தால் போதும் என்ற ஒரே புத்திதான் இரண்டையும் செய்கிறது.

நாடு முழுவதும் இதே கதைதான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 கணக்குப்படி, நாளொன்றுக்கு உருவான திடக்கழிவு சுமார் 1,60,000 டன். அதில் பாதிதான் முறையாகப் பதப்படுத்தப்பட்டது.

ஈரக் கழிவு தனியாக இருந்தால் உரமாகும், எரிவாயுவாகும். மற்றதோடு கலந்து குவிந்தால் காற்றில்லாமல் அழுகி மீத்தேனாகும், கசிநீராகிக் கிணற்றில் இறங்கும். சாம்பார் ஒட்டிய பார்சல் கவரைக் காயலான் கடைக்காரர் வாங்கமாட்டார். கழுவிக் காயவைத்த கவருக்கு விலை உண்டு. இதற்காகத்தான் 2015 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் ஈரக் கழிவுக்குப் பச்சைத் தொட்டி, சுகாதாரக் கழிவுக்குச் சிவப்புத் தொட்டி, உலர் கழிவுக்கு ஒரு பை என்று உத்தரவிட்டது. ஆனாலும் காலையில் குப்பை ஆட்டோவில் வருகிறவர் இன்னும் பல வீட்டுக் கவர்களின் முடிச்சை அவிழ்த்து, வெறுங்கையால் துழாவிப் பிரிக்கிறார். உடைந்த பல்பு, ஷேவிங் பிளேடு, நாப்கின் எல்லாம் அந்தக் கையில்தான் படுகின்றன. பெற்ற பிள்ளையின் டயபரை மடித்துத் தாளில் சுற்றி வைக்க நமக்கு அருவருப்பு. அடுத்தவர் அதைத் தொடலாம் என்பது எந்த நியாயம்? இதைச் சோம்பல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அழுக்கைத் தொடவென்றே சிலர் பிறந்திருக்கிறார்கள் என்று நம் மனம் இன்னும் நம்புகிறது. அதற்குச் சாதி என்று பெயர்.

இப்போது கழிவை மீண்டும் பொருளாக்கும் சுழற்சிப் பொருளாதாரம் பற்றி மாநாடுகள் நடக்கின்றன. வேண்டியதுதான். ஆனால் பெங்களூரில் அந்தச் சுழற்சியைப் பல ஆண்டுகளாகச் சுற்றவைப்பவர்கள் தெருவில் பொறுக்குகிறவர்களும், ஜாலி மொஹல்லா, நாயண்டஹள்ளிப் பகுதிகளின் பழைய பொருள் வியாபாரிகளும்தான். ஒரு பிளாஸ்டிக் துண்டைத் தட்டி, வளைத்து, ஓரம் கொளுத்தி முகர்ந்தே அது எந்த வகை என்று சொல்லிவிடுகிற தொழிலறிவு அவர்களுடையது. குப்பை பொறுக்குகிறவர்களுக்காக இயங்கும் ஹசிரு தளா போன்ற அமைப்புகளின் உழைப்பால் அவர்களில் பலருக்கு மாநகராட்சியின் அடையாள அட்டை கிடைத்திருக்கிறது. சிலர் உலர் கழிவு மையங்களையே நடத்துகிறார்கள்.

2022இல் வந்த விதிகளின்படி, பிளாஸ்டிக் உறையில் பொருள் விற்கும் கம்பெனி அந்தக் கழிவுக்கும் பொறுப்பு. மறுசுழற்சி நடந்ததற்கான சான்றிதழைப் பதிவு பெற்ற ஆலை கொடுக்கும். கம்பெனி காசு கொடுத்து வாங்கும். சாக்கடை ஓரத்திலிருந்து அந்த உறையை எடுத்தவருக்கு அந்தக் காசில் இவ்வளவு பங்கு என்று விதி எதுவும் வகுக்கவில்லை. வகுக்கட்டும். அவருக்குக் கூலியும் கையுறையும் மருத்துவக் காப்பீடும் சேர்த்தே அந்தச் சான்றிதழின் விலையைப் போடட்டும்.